கணினியில் காபி கொட்டினால்...

காலையில் கையில் காபி, மடியில் கணினி. பெங்களூரில் வாழும் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் பொழுது விடிகிறது. ஊரிலிருந்து டிகிரி காபியின் சுவையோடு வந்து சேர்ந்த நமக்கு, சிக்மகளூர் மலைக் காபி அண்டை வீட்டுச் சரக்காகிவிட்டது. இந்தியக் காபி வாரியத்தின் தலைமையகம் இருப்பதும் இவ்வூரில்தான். 1996-ஆம் ஆண்டு பிரிகேட் சாலையில் 'கஃபே காபி டே' தன் முதல் கடையைத் திறந்தபோது, அது வெறும் காபிக் கடையாகத் தொடங்கவில்லை. காபி அருந்திக்கொண்டே இணையத்தில் உலவுவதற்கான இடமாகத்தான் தொடங்கியது. காபிக் கோப்பையையும் கணினியையும் ஒரே மேசையில் சேர்த்து வைத்த ஊர் இது!

ஆனால் அன்று மேசைமேல் இருந்த கணினி வேறு. விசைப்பலகை தனியாகவும் மற்ற உறுப்புகள் தனிப் பெட்டியிலும் இருந்தன. கோப்பை கவிழ்ந்தால் விசைப்பலகை ஒன்று போகும். புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்தது. மடிக்கணினியில் அப்படியல்ல. விசைகளுக்கு நேர் கீழே, விரற்கடைத் தூரத்தில், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையும் பேட்டரியும் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே சிந்திய காபிக்குக் கீழே இறங்க வழி உண்டு. வெளியேற வழி இல்லை.

நட்டம் பணத்தோடு நிற்பதுமில்லை. மாதத் தவணையில் வாங்கிய கருவியாக இருக்கலாம். வேலை தேடும் பிள்ளையின் நேர்காணல் மறுநாள் இருக்கலாம். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதன்முதலாகக் கணினியைத் தொட்டுப் பார்த்து, படித்து முன்னேறி, இவ்வூருக்கு வேலைக்கு வந்த இளைஞர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது கருவி மட்டுமல்ல, பிழைப்பு. ஆகவே, கோப்பை கவிழ்ந்த அந்த நொடியில் செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதைக் காரணத்தோடு தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எதிரி யார்?

'தண்ணீர் பட்டது, அதனால் கெட்டது' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இது பாதி உண்மைதான். கருவியை அழிப்பது தண்ணீர் மட்டுமல்ல. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தே அழிக்கின்றன. மின்னோட்டமே இல்லாத ஒரு தாய்ப்பலகையைக் கழுவித் துடைத்து நன்கு உலர்த்தினால், அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது சில துளிகள் பட்டாலே ஆபத்து.

ஏன் அப்படி? கலப்பில்லாத தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. நம் குழாயில் வரும் காவிரி நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவையே மின்சாரத்திற்குப் பாலம் அமைத்துக் கொடுக்கின்றன. மடிக்கணினியின் மின்னேற்றியிலிருந்து உள்ளே வருவது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட். அதன் மூளையாகிய செயலிக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 1 வோல்ட்தான். இவ்விரண்டு பாதைகளும் தாய்ப்பலகையில் மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. இடையில் ஒரு துளி காபி விழுந்து பாலம் போட்டால், 1 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 19 வோல்ட் பாயலாம். கண் இமைக்கும் நேரத்தில் சில்லு கருகிவிடும்.

அந்த நொடியில் தப்பித்தாலும் இன்னொரு கேடு மெல்ல வேலை செய்யும். பீன்யா பக்கம் மின்முலாம் பூசும் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் உப்புக் கரைசல் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து இன்னொரு பொருளின்மேல் படியும். ஈரமான தாய்ப்பலகையில் நடப்பதும் இதேதான். ஒரு முனையில் செம்பும் வெள்ளீயமும் கரைகின்றன. மறுமுனையில் செடியின் வேர்போல் படர்கின்றன. அந்த வேர் எதிர் முனையைத் தொட்டதும் குறுக்குச் சுற்று ஏற்படுகிறது. 'அன்று ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்துத்தான் நின்றது' என்று சிலர் சொல்லக் கேட்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்து ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: முதலில் துடைப்பதல்ல, முதலில் மின்சாரத்தை நிறுத்துவதே சிகிச்சை.

முதல் ஒரு நிமிடம்

காபி கொட்டியதும் நம் கை தானாகத் துணியைத் தேடி ஓடும். ஓடட்டும், ஆனால் இரண்டாவதாக! முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து மின்னேற்றியைப் பிடுங்குங்கள். கையோ மேசையோ ஈரமாக இருந்தால், சுவிட்சை அணைக்கும்முன் செருகியைத் தொடாதீர்கள்.

அடுத்து, மின்பொத்தானைச் சுமார் 10 விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கருவி அடியோடு அணைந்துவிடும். 'கோப்பைச் சேமித்துவிட்டு முறைப்படி அணைக்கிறேன்' என்று நேரம் கடத்தவேண்டாம். அரைப்பக்கக் கடிதத்தைத் திரும்ப எழுதிவிடலாம். தாய்ப்பலகையைத் திரும்ப எழுத முடியாது. மூடியைச் சாத்திவிட்டால் அணைந்துவிட்டது என்று எண்ணுவதும் தவறு. மூடினால் அது உறங்குகிறது, அவ்வளவே. உள்ளே மின்னோட்டம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

மூன்றாவதாக, மௌஸ், பென்டிரைவ் என்று செருகியிருப்பவற்றை எல்லாம் எடுத்துவிடுங்கள். பழைய மாதிரிகளில் அடிப்பக்கத்துத் தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும், உடனே கழற்றிவிடலாம். இப்போது வருபவற்றில் பேட்டரி உள்ளே திருகாணிகளுக்குப் பின்னால் இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்கவேண்டாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கருவி அணைந்திருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை சில பாதைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே, தெரிந்த ஒருவரைக் கொண்டு எவ்வளவு சீக்கிரம் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நான்காவதாக, மூடியை நன்கு விரித்து, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்கும்படி, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். அடியில் ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். வந்த வழியே திரவம் வடியட்டும். 'உள்ளே இருப்பதை வெளியேற்றுகிறேன்' என்று குலுக்காதீர்கள். ஓரிடத்தில் இருக்கும் ஈரம் ஒன்பது இடத்திற்குப் பரவும். துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

கருவி சூடேறினாலும், அடிப்பகுதி உப்பினாலும், புகையோ காரமான நெடியோ வந்தாலும், மேற்சொன்ன எதையும் செய்யாமல் விலகிவிடுங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அத்தகைய கருவியைச் சோபாவிலோ படுக்கையிலோ வைக்கக்கூடாது. எக்காரணம் கொண்டும் பேட்டரியைக் குத்தவோ நெம்பவோ கூடாது.

கொட்டியது என்ன?

நோயாளியைப் பார்த்ததும் மருத்துவர் 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்பதைப்போல, இங்கும் அக்கேள்வி முக்கியம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருந்தது போகாது.

வெறும் குடிநீர் என்றால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை போடாத கட்டங்காபியும் கட்டந்தேநீரும் அதற்கு அடுத்த நிலை. நம் வீட்டுக் காபியோ பாலும் சர்க்கரையும் கலந்தது. தண்ணீர் வற்றிய பின்னும் பாலின் கொழுப்பும் புரதமும் உப்புகளும் பலகையில் படிந்திருக்கும். சர்க்கரைப் பாகு விசைகளை ஒட்டிக்கொள்ளச் செய்யும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பெங்களூரின் மழைக்காலத்தில் இதற்குக் கேட்கவே வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் முதலிய உப்புகள் உள்ளன. உடலுக்கு நல்லது, கணினிக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறும் மோரும் புளிப்பானவை, உலோகத்தை அரிக்கும். கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலமும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆகவே, தண்ணீர் தவிர வேறு எது கொட்டியிருந்தாலும், உலர்த்தினால் மட்டும் போதாது. திறந்து, கழுவிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

அரிசி வைத்தியம் வேண்டாம்

நனைந்த கருவியை அரிசிப் பானையில் புதைத்து வைக்கும் வைத்தியம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. சமையலறையில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைக்கும் வழக்கத்தை ஒட்டி இது நம்பத் தகுந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அரிசி எட்டி நின்று உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடாது. திறந்த இடத்தில் மின்விசிறிக் காற்றில் வைப்பதைவிட அதனால் பெரிய பயன் ஒன்றுமில்லை. மாறாக, அரிசி மாவும் தூளும் துளைகளுக்குள் புகுந்து ஈரத்தோடு சேர்ந்து பசையாகும். நனைந்த கைப்பேசியை அரிசியில் வைக்கவேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியது. முடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றும் வேண்டாம். அது திரவத்தை இன்னும் உள்ளே தள்ளும். நெகிழி விசைகளை வளைக்கும். கொளுத்தும் வெயிலில் வைப்பது பேட்டரிக்கும் திரைக்கும் கெடுதல்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு வேறொன்று. ஒரு மணி நேரம் கழித்து, 'எப்படி இருக்கிறது, பார்ப்போமே' என்று மின்பொத்தானை அழுத்திப் பார்ப்பதுதான் அது. கொட்டியபோது தப்பித்த பல கருவிகள் இந்த ஆவலால்தான் உயிர் விடுகின்றன. வெறும் தண்ணீராக இருந்தாலும் குறைந்தது 48 மணி நேரம் பொறுத்திருங்கள். பதறாத காரியம் சிதறாது!

பழுது பார்க்கும் இடத்தில்

தகர மண்டபம் போன்ற பெரிய கடையானாலும், ஒருவர் மட்டும் அமர்ந்து பற்றவைக்கும் சிறு கடையானாலும், பெங்களூரில் மின்னணுப் பொருள் என்றால் எல்லோரும் கை காட்டுவது எஸ்.பி. ரோடு எனப்படும் சதர் பத்ரப்பா சாலையைத்தான். உருப்பெருக்கியின் கீழ் தாய்ப்பலகையை வைத்துச் சில்லுகளைத் தனித்தனியே மாற்றும் வேலையை அங்கு 'சிப் லெவல் சர்வீஸ்' என்பார்கள். தாய்ப்பலகையையே மாற்றுவதைவிட இதற்குச் செலவு பொதுவாகக் குறைவு. ஆனால் உத்தரவாதக் காலம் முடியாத கருவியை வெளியாரிடம் திறக்கக் கொடுத்தால் அந்த உத்தரவாதம் பாதிக்கப்படலாம். எனவே முதலில் நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேட்டுவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

எங்கே கொடுத்தாலும், என்ன கொட்டியது, எப்போது கொட்டியது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். 'தானாக நின்றுவிட்டது' என்று சொல்வதால் பயனில்லை. பல கருவிகளின் உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு வெள்ளை வில்லை ஒட்டப்பட்டிருக்கிறது. திறந்தவுடன் அது சிவந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் பழுது பார்ப்பவர் கருவிக்கு மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்முன் பலகையைக் கழுவுவார். மறைத்தால் நேராக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். இந்த வேறுபாட்டில் கருவியின் உயிரே இருக்கிறது.

நல்ல பழுதுபார்ப்பவர் முதலில் பேட்டரியைத் துண்டிப்பார். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொண்டு மென்மையான தூரிகையால் பலகையைத் துடைப்பார், அல்லது மீயொலித் தொட்டியில் கழுவுவார். இந்த ஆல்கஹால் படிவுகளைக் கரைக்கும்; ஈரத்தோடு கலந்து விரைவில் ஆவியாகும். எளிதில் தீப்பற்றும் என்பதால் வீட்டில் அடுப்பருகே இச்சோதனை வேண்டாம். கொடுப்பதற்குமுன் மதிப்பீட்டையும், மாற்றவிருக்கும் உறுப்புகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அலுவலகம் கொடுத்த கணினியாக இருந்தால் நடைமுறையே வேறு. அதைத் திறக்கவோ வெளியில் கொடுக்கவோ நமக்கு உரிமையில்லை. அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்றே கணினிப் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அஞ்சி ஒளிப்பதுண்டு. விபத்தை மன்னிக்கும் நிறுவனமும் மறைத்ததை மன்னிப்பது அரிது.

உத்தரவாதம் காப்பாற்றுமா?

'ஒரு வருட வாரண்டி இருக்கிறது, கவலையில்லை' என்று இருந்துவிட முடியாது. சாதாரண உத்தரவாதம் தயாரிப்புக் குறைகளுக்கு மட்டுமே. நாம் கொட்டிய காபி தயாரிப்புக் குறை ஆகாது. தற்செயல் சேதத்துக்கான காப்பை, பெரும்பாலும் தனியாகப் பணம் கட்டித்தான் வாங்கவேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் கொடுத்து ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் வாங்கிய பெங்களூர்ப் பெண்மணி ஒருவர், கூடுதல் பணம் கட்டிப் பாதுகாப்புத் திட்டமும் எடுத்திருந்தார். கணினியில் திரவம் சிந்தியது. சேவை மையத்தில் சரிசெய்து தராததால் நுகர்வோர் ஆணையத்தை அணுகினார். திரவத்தால் நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று அவருடைய மனு தள்ளுபடியானது. பணம் கட்டியவருக்கே இந்த நிலை என்றால், நிபந்தனைகளைப் படிக்காதவர் கதி என்ன?

ஆகவே, வாங்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். ஒன்று: திரவம் சிந்தினால் ஏற்படும் சேதம் இதில் அடங்குமா? இரண்டு: அடங்கும் என்றால் எத்தனை முறை, எத்தனை ஆண்டு? மூன்று: ஒவ்வொரு முறையும் நாம் கட்டவேண்டிய பங்கு எவ்வளவு? நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

கருவி போனாலும் தகவல் போகலாமா?

புதுக் கணினி வாங்கிவிடலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களையும், மறைந்த பெற்றோரின் குரல் பதிவையும், மூன்றாண்டு ஆராய்ச்சிக் குறிப்புகளையும் எந்தக் கடையில் வாங்குவது?

கணினி இயங்காவிட்டாலும் நினைவகம் பல சமயம் நன்றாகவே இருக்கும். கழற்றக்கூடிய மாதிரியாக இருந்தால், அதை எடுத்து வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை மீட்டுவிடலாம். ஆனால் இன்றைய மெல்லிய மாதிரிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பலகை போனால் அதில் இருப்பதும் போனதாகவே ஆகலாம். இதற்கு ஒரே மருந்து முன்கூட்டியே படி எடுத்து வைப்பதுதான். முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள். அவை இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது கணினித் துறையினர் சொல்லும் கணக்கு. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாப்பூர் சாலைப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, மக்கள் டிராக்டரில் ஏறி வெளியேறியதை நாம் மறந்துவிடவில்லை. 'ஒன்று வீட்டுக்கு வெளியே' என்பதன் பொருள் அன்று பலருக்கு விளங்கியிருக்கும்.

பிழைக்காது என்று உறுதியாகிவிட்ட கருவியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதிலுள்ள பேட்டரி குப்பை வண்டியிலும் தீப்பிடிக்கலாம். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனங்களிடம் கொடுங்கள். இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றான 'ஈ-பரிசரா' நம் பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில்தான் இருக்கிறது. கொடுக்குமுன் நினைவகத்தைக் கழற்றி வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.

வருமுன் காப்போம்

கணினி மேசையின் மேல் இருக்கட்டும்; கோப்பை அதைவிடத் தாழ்வான முக்காலியில் இருக்கட்டும். தாழ்வில் இருப்பது கவிழ்ந்தால் தரைதான் நனையும். மேசையில்தான் வைத்தாக வேண்டும் என்றால் மூடியுள்ள குவளையில் வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் மின்னேற்றிக் கம்பி நடைபாதையில் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசைப்பலகைமேல் போடும் மெல்லிய சிலிக்கான் உறை சிறு சிந்தலைத் தடுக்கும். முழுக் கோப்பைக்கு அது ஈடுகொடுக்காது.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் ஒருநாள் கோப்பை கவிழத்தான் செய்யும். அப்போது கவிழ்த்தவரைக் கடிந்துகொள்வதில் முதல் நிமிடத்தைச் செலவிட வேண்டாம். அந்த ஒரு நிமிடம் கணினிக்கு உரியது. பிள்ளைகளுக்கும், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதை இன்றே சொல்லிக் கொடுங்கள்: மின்சாரத்தை நிறுத்து, கவிழ்த்து வை, திரும்பப் போடாதே. இந்த மூன்றும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், யார் கை பட்டுக் கோப்பை கவிழ்ந்தாலும், பக்கத்தில் இருப்பவர் கணினியைக் காப்பாற்றிவிடுவார்.